கறார் கடையின் சிலேட்டு

சந்தையில் அவருக்குக் கறார் என்றுதான் பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரனுக்கே தெரியாது. காய்கறிக் கடை. விடியுமுன் மண்டிக்குப் போய்ச் சரக்கெடுத்து வந்து, தராசுக்கு மேலே தொங்கும் சிலேட்டில் அன்றைய விலையை எழுதுவார். எழுதினால் எழுதினதுதான். விளக்குப் போடும் வரை அதில் ஒரு புள்ளி மாறாது.

இந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. கடை போட்ட புதிதில், ஒரே தெருக்காரிகள் இரண்டு பேர் கத்தரிக்காய் வாங்கினார்கள், காலையில் ஒருத்தி ஒரு விலைக்கு, மதியம் மற்றவள் வேறொரு விலைக்கு. சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து வந்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு கத்தரிக்காய் அவர் நெற்றியையும் பதம் பார்த்தது. மறுநாளே சிலேட்டை மாட்டிவிட்டார். அதற்கப்புறம் வெங்காயம் நடுப்பகலில் எகிறுகிற நாட்களில் சந்தை மொத்தமும் ஏற்றினாலும் இவர் கடையில் காலை விலைதான். சனம் ஈயாய் மொய்க்கும். அந்தப் பேரில்தான் கடை ஓடியது.

அவர் மனைவி அடுத்த தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். அவள் அடுப்பில் தக்காளி விழாத சட்டி கிடையாது. வீட்டுக்காரி என்று அவளுக்கு ஒரு சலுகையும் இல்லை, சிலேட்டு விலைதான். அவரும் மத்தியானம் அவள் கடையில் சாப்பிட்டால் காசை வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். இதில் ரெண்டு பேருக்குமே பெருமை.

அந்த வாரம் மழையில் சாலை அரித்துப்போய் லாரிகள் வழியிலேயே நின்றுவிட்டன. மண்டியில் தக்காளி யானை விலை. இருந்ததில் ஆறு பெட்டி எடுத்து வந்து, கிலோ எண்பது என்று எழுதி மாட்டினார். டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் நின்ற லாரி எல்லாம் ஒன்றாய் வந்து சேர்ந்தது. எதிர்க்கடை நெட்டையன் புதுச் சரக்கை இறக்கிவிட்டு, "நாப்பது! நாப்பது!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

அந்த நேரம் பார்த்து மனைவி கூடையோடு வந்தாள்.

"ஏங்க, அங்க நாப்பதாம்."

"காது கேக்குது."

"சிலேட்ட அழிச்சு எழுதுங்க. யாரும் பாக்கல."

"இன்னிக்கி எறக்கினா, வெலை ஏறுற அன்னிக்கி ஏத்தவும் செய்வான்னுதான் நெனப்பாங்க."

"பெட்டியில எல்லாம் கொழகொழன்னு பழுத்து நிக்குது. ராத்திரி தாங்காதுங்க."

"அது என் பாடு."

"அப்ப நான் எங்க வாங்குறது?"

"காலு இருக்குல்ல, நட."

வெடுக்கென்று திரும்பி எதிர்க்கடைக்கே நடந்தாள். நெட்டையனுக்கு வாயெல்லாம் பல்.

"கறாரண்ணே! உங்க வீட்டம்மாவே நம்ம கடைக்கு வந்துட்டாங்க! நீங்களும் வாங்க, உங்களுக்கு முப்பத்தெட்டுக்குத் தர்றேன்!"

சந்தையே கொல்லென்று சிரித்தது. கறார் காது வரை சிவந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த தக்காளியை மறுபடி அடுக்கினார். பொழுதுக்கும் அதுதான் வேலை. வந்தவர்கள் வெங்காயம் வாங்கினார்கள், கீரை வாங்கினார்கள், சிலேட்டைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டினார்கள். வெயில் ஏற ஏறத் தக்காளி கனிந்துகொண்டே வந்தது. விளக்கு வைத்த பிறகு சந்தைக்கு யார் வரப்போகிறார்கள்? விடிந்தால் ஆறு பெட்டியும் குப்பைக்குத்தான். மத்தியானம் சாப்பிடவும் போகவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது?

விளக்குப் போட்டார்கள். ஈரத்துணியால் சிலேட்டைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே மனைவி. ஒரு கையில் அவருக்குத் தூக்குச்சட்டியில் சாப்பாடு, இடுப்பில் கல்யாணத்துக்கு ஆகிற மாதிரி ஒரு காலி அண்டா. பின்னால் பையும் கையுமாய் ஒரு கூட்டம். எல்லாம் அவள் கடையில் சாப்பிடுகிறவர்கள்.

"என்ன கூட்டம்?" என்றார்.

"விளக்கு வச்சா கறார் கடையில தக்காளி வெலை எறங்கும்னு, சாப்பிட வந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சேன்."

"நீதான் காலையிலயே வாங்கிட்டியே."

"மத்தியானத்துக்கு மட்டுந்தான். ராத்திரிக்கும் நாளைக்கும் இனிமேதான் வாங்கணும். உங்க சிலேட்டு எப்ப அழியும்னு எனக்குத் தெரியாதா? பொண்டாட்டிக்குக் கூட எறக்காத மனுசன்னு இங்க ஒரே பேச்சு. இனிமே வெலை ஏறுற அன்னிக்கிப் பாருங்க, கடையில நிக்க எடம் இருக்காது."

நஷ்டம் நஷ்டந்தான். ஆனாலும் காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து சிலேட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"ஐயையோ, எழுதாதீங்க!" அவள் எட்டிக் கையைப் பிடித்தாள். "எழுதிட்டா அப்புறம் ஒரு காசு கொறைக்க மாட்டீங்க. வாயால சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. கறார் சாக்பீஸைப் பழையபடி காதில் செருகிவிட்டு, பெட்டியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"சரி, நீயே கேளு. என்ன வெலைக்கு வேணும்?"