பதில் சொல்லப் பிந்திய சார்ஜர்

தாராவித் தங்கமயில், செம்பூர்க் கம்பெனி ஒன்றில் லேப்டாப்பின் அடிப்படை மென்பொருளான கெர்னலுக்கு, கருவிகளை இயக்கும் நிரல்களான டிரைவர்களை எழுதுகிறவள். ஒன்று ஏன் ஓடவில்லை என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டு ஜெபசெல்வி அக்கா, அந்தக் கம்பெனி லேப்டாப்பையும் அதற்காக மாஹிமில் வாங்கிய சார்ஜரையும் கொண்டுவந்தாள்.

“ஏட்டி மயிலு, சார்ஜ் ஏறுது, நின்னுருது, திரும்பவும் ஏறுது. கோட்டி பிடிச்சிருக்கா இதுக்கு?”

“வச்சிட்டுப் போங்கக்கா, பாக்கேன்.”

மறுநாள் ஆபீஸில் சார்ஜரும் லேப்டாப்பும் கம்பிக்குள் பேசிக்கொள்வதைக் கருவி வைத்துக் கேட்டாள். “இருபது வோல்ட் தருவாயா?” என்கிறது லேப்டாப். முப்பது மில்லிவிநாடிக்குள் பதில் வரவேண்டும் என்பது விதி. சார்ஜரோ நாற்பதாவதில்தான் “தருகிறேன்” என்கிறது. அதற்குள் லேப்டாப் பொறுமையிழந்து இணைப்பைத் துண்டித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கேட்கிறது.

“தப்பு சார்ஜர் மேல. நாம எதுக்குக் கெர்னல் கோட் மாத்தணும்?” என்றார் மேலாளர் கிருஷ்ணா.

“எல்லாத்துக்கும் வேண்டாம் சார். இந்தச் சார்ஜர் மாடல்னு தெரிஞ்சா மட்டும் ஐம்பது வரைக்கும் பொறுக்கட்டும்.”

சில வரிகளே எழுதினாள். கிருஷ்ணாவே செருகிப் பார்த்தார். சார்ஜ் நிற்காமல் ஏறியது.

“அட! என் சார்ஜர் எத்தனையில பதில் சொல்றது?” என்று தம் பையைத் திறந்தார் அவர்.