மீசைக்கு அடியில் என் மகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்போல் இல்லை. எழுதிக்கொண்டே போகும்போது ஒன்று விட்டுப்போகும், பிறகுதான் நினைவுக்கு வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில், படம் வரைகிற ஒருவர் வீட்டில் பெருக்கித் துடைக்கிற வேலை செய்தேன். அவர் வரைவதெல்லாம் ஆட்கள்தான். ஆனால் ரோட்டில் போகிற ஆட்கள் மாதிரி இருக்காது. எல்லோரும் நாடக மேடையில் நிற்பார்கள். பின்னால் படுதா தொங்கும். தலையில் கிரீடம், கன்னத்தில் ரோஸ் பவுடர். ஒருத்தர் கோபத்தில் இருப்பார், ஒருத்தர் பயந்துபோயிருப்பார், ஒருத்தர் வெட்கத்தில் தலை குனிந்திருப்பார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய்த் தகரக் கிரீடம், சரிகை போன அங்கி, முறிந்த வாள் என்று வாங்கிவந்து குவிப்பார். அவற்றைத் தூசி தட்டுவதே தனி வேலை.

ஒருநாள் நான் அந்த அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "துக்கத்துக்கு மட்டும் ஒரு முகம் கிடைக்கலக்கா. நாடகக்காரங்களைக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சா, எல்லாரும் நடிக்கறாங்க."

சமையலறையிலிருந்து அவர் சம்சாரம், "நாடகத்தை வரைஞ்சா அவங்க நடிக்காம இட்லியா சுடுவாங்க?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். என்ன தோன்றியதோ, அதுவரை அந்த வீட்டில் வாயே திறக்காதவள், என் மகளைப் பற்றிச் சொன்னேன்.

அவள் பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஒரே ஒரு போட்டோ எடுத்து ஜாதகத்தோடு தரகரிடம் கொடுத்திருந்தோம். அவள் போன பிறகு கேட்டால், மதுராந்தகம் பக்கம் ஒரு வீட்டில் கொடுத்ததாகச் சொன்னார். அந்த வீட்டில் போய்க் கேட்டேன். அப்படி ஒரு படம் வரவே இல்லை என்றார்கள். ஸ்டுடியோவுக்குப் போனால் அது செல்போன் கடையாகிவிட்டது. வேறு படம் கிடையாது. அவள் முகம் எனக்கே துண்டு துண்டாகத்தான் ஞாபகம் வந்தது. மூக்கு வந்தால் கண் வராது.

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "சொல்லுங்கக்கா. வரைஞ்சு பாப்போம்."

பேப்பரில் வரைந்து பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டின துணியில் நேராகவே வரைவார், பிடிக்காவிட்டால் துடைப்பார், திரும்ப வரைவார். தினம் வேலை முடிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வேன்.

"நெத்தி இத்தினி ஒசரம் இல்ல சார்."

"இப்போ?"

"கண்ணு இது இல்ல. இது என் நாத்தனார் கண்ணு."

"அக்கா, திருடனை அடையாளம் சொல்றவங்ககூட இவ்ளோ படுத்த மாட்டாங்க."

"திருடனை ஒரு தபா பாத்திருப்பாங்க சார். நான் பத்தொம்போது வருசம் பாத்தேன்."

எட்டு ஒன்பது நாள் ஆகியிருக்கும். ஒரு காலையில் துடைப்பத்தோடு உள்ளே போனேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்டு நான் இல்லை என்று சொன்னதும் உதட்டை லேசாக உள்ளே இழுத்துக்கொள்வாளே, அப்படியே. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இதான் சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, காயட்டும் என்று சுவரோரம் சாய்த்து மேலே ஒரு துணியைப் போட்டார்.

அப்போதே கேட்டிருக்க வேண்டும். இதை எனக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு போட்டோவாவது எடுத்துக் கொடுங்கள் என்று. கேட்கவில்லை. கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. அது ஆடி மாசம். எங்கள் வழக்கத்தில் செத்தவர்கள் படம் முதல்முதலாக வீட்டுக்குள் வருவதென்றால் அமாவாசையில்தான் வர வேண்டும். வேறு நாளில் வந்தால் வீட்டிலிருந்து இன்னொரு உயிரையும் தன்னோடு கூப்பிட்டுக்கொள்ளும் என்பார்கள். என் மருமகள் அப்போது ஏழு மாசம். போட்டோ எடுத்தாலும் அது படம்தானே. வாயால் கேட்டுவிட்டால், அவர் அன்றைக்கே தூக்கிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். ஆடி அமாவாசைக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருந்தது. பெருக்கும்போதெல்லாம் துணியைத் தூக்கி ஒருமுறை பார்த்துக்கொண்டு திரும்ப மூடிவிடுவேன்.

அமாவாசைக்கு முந்தின மூன்று நாள் நான் வேலைக்குப் போகவில்லை. மருமகளுக்குக் கால் வீங்கி, ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தோம்.

அமாவாசையன்று காலையில் தலைக்குக் குளித்து, படத்தைச் சுற்றி எடுத்துவர ஒரு புது வேட்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தேதான் போனேன், கேட்க வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே.

அவர் படத்துக்கு முன்னால் நின்றிருந்தார். மேலே போட்டிருந்த துணி இல்லை. அங்கே ஒரு ராஜா இருந்தான். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு, கன்னத்தில் ரோஸ், காதுவரை புருவம், முறுக்கின மீசை. தலையில் நான் தூசி தட்டின அதே தகரக் கிரீடம்.

அவர் வேலை செய்கிற விதம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முதலில் வெறும் முகத்தை முழுசாக வரைவாராம். அது காய்ந்த பிறகு, நாடகக்காரன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வேஷம் போடுகிற மாதிரி, அதன் மேலேயே பூசுவாராம். எல்லாப் படமும் அப்படித்தானாம். நான் பார்த்ததெல்லாம் முடிந்துபோன படங்கள்தான்.

"எப்படிக்கா இருக்கு?"

"நல்லாகீது சார்."

"உங்க பொண்ணு உள்ளதான் இருக்கா. கண்ணைத் தொடவே இல்ல, பாருங்க."

பார்த்தேன். புருவம் மாறினால் கண்ணும் மாறிவிடுகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"இத்த தொடைச்சா பூடுமா சார்?"

"ஐயோ, இப்ப தொடைச்சா அடியில இருக்கறதும் சேர்ந்து வந்துடும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "ஏன்க்கா?"

"சும்மா கேட்டேன்" என்றேன். வேட்டி பையிலேயே இருந்தது. பெருக்கிவிட்டு வந்தேன்.

மருமகளுக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதனால் காத்திருந்தது தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. காத்திருக்காமல் கேட்டிருந்தால் என்று நினைக்காத நாளும் இல்லை.

கார்த்திகை வாக்கில் அவர் எல்லாப் படத்தையும் கண்காட்சியில் வைத்தார். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு பெரிய பங்களா. கட்டாயம் வரணும் என்று சொல்லியிருந்ததால் மேடவாக்கத்தில் பஸ் மாறிப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன பிறகுதான் பார்த்தேன், வேறு யாரும் கழற்றவில்லை. திரும்பிப் போய் மாட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. வழவழப்பான தரை, வெறுங்காலோடு ஓரமாகவே நடந்தேன்.

சுவர் முழுக்க நாடகம். கோபம், பயம், வெட்கம். அவளை நடு ஹாலில் மாட்டியிருந்தார்கள். காலேஜ் பெண்கள் இரண்டு பேர் முன்னால் நின்றிருந்தார்கள்.

"ஏய், இது பொண்ணுதாண்டி. மீசை ஒட்டவச்சிருக்கு."

"உன் ஆளை விட மீசை நல்லா இருக்கு, போ."

சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் இருந்திருந்தால் அவளும் அப்படித்தான் சிரித்திருப்பாள். ஒரு அம்மாள் மட்டும் வெகு நேரம் நின்று பார்த்துவிட்டு, "உள்ள அழுதுக்கிட்டே நிக்கறா மாதிரி இருக்கு" என்று கூட வந்தவரிடம் சொன்னார். அவள் அழவில்லை. இல்லை என்று சொன்னதற்கு உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

படத்துக்குப் பக்கத்தில் சுவரில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. அது என்ன என்று அவரிடம் கேட்டேன்.

"வித்துப்போச்சுன்னு அர்த்தம்க்கா. வெளிநாட்டுக்காரங்க. அடுத்த வாரம் எடுத்துட்டுப் போறாங்க." பிறகு அங்கே இருந்தவர்களிடம், "இவங்க சொல்லித்தான் இந்த முகம் வந்தது" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் திரும்பினார்கள். நான் தூண் பக்கம் ஒதுங்கிவிட்டேன்.

புறப்படும்போது அந்தப் படம் அச்சடித்த அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். பஸ்ஸில் உட்கார்ந்து கட்டைவிரலால் மீசையை மூடிப் பார்த்தேன். புருவம் தெரிந்தது. புருவத்தை மூடினேன். வெள்ளைப் பூச்சு தெரிந்தது. எல்லாவற்றையும் மூடினால் என் விரல்தான் மிச்சம்.

அந்த அட்டையை இன்றுவரை சுவரில் மாட்டவில்லை. இப்போது கண்ணை மூடினால் அந்த ராஜாதான் வருகிறான். அவளை அவனிடமிருந்து பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

வருஷம், மாசம் எதுவும் தப்பாக எழுதியிருந்தால் தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். சேலையூரில் என் மகளோடு தையல் படித்த பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் யாராவது இதைப் படித்தால், அவள் உதட்டைப் பற்றி நான் எழுதியது சரிதானா, நிஜமாகவே அப்படிச் செய்வாளா, இல்லை படத்தைப் பார்த்து எனக்குத் தோன்றியதா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.