வெட்டியெடுத்த இரண்டு அடி

அந்தப் படத்தை யாராவது புகழ்ந்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். அதில் நல்லதென்று சொல்லத்தக்க ஒரே காட்சி, நான் எடுத்து நானே வெட்டிய காட்சி.

எழுபதுகளின் நடுப்பகுதி. பல்கலைக்கழக விடுமுறைக்குத் திருகோணமலைக்கு வந்தபோது, கூடப் படித்த கூட்டாளியும் என்னோடு வந்தான். இரவல் வாங்கிய எட்டு மில்லிமீற்றர் கமரா, நாலு சுருள் பிலிம், அவ்வளவுதான் எங்கள் கையிருப்பு. துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவர்களைப் பற்றி ஒரு விவரணப்படம் எடுப்பதென்று கிளம்பினோம். கமரா எனக்கு, விளக்கவுரை அவனுக்கு. சத்தம் பதியாத படம். திரையிடும்போது பக்கத்தில் நின்று வாசிக்க வேண்டும். ஒரு மாதம் எங்கள் வீட்டில்தான் தங்கினான். அம்மா அவனுக்கு நடுத்துண்டு மீனாகப் பார்த்துப் பொரித்துக் கொடுத்தார். எனக்குத் தலைதான்.

எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஓர் அண்ணை, சீனன்குடாப் பக்கம் ஒரு வேலைத்தளத்தில் எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பெயின்ற் அடிக்கிறவர். வாசலில் பாஸ் காட்டாமல் ஈ காக்கை உள்ளே போக முடியாது. கமரா என்றால் கேட்கவே வேண்டாம். நாங்கள் கெஞ்சிக் கூத்தாடியதில் மனிதர் இளகிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலதிக வேலைக்குப் போனபோது, கண்டல் பற்றைக்குள்ளால் எங்களைக் கூட்டிப்போனார்.

"தாங்கியை எடுங்கோ தம்பி. என்னை எடுக்க வேண்டாம். பாஸ் போனால் வீட்டில அஞ்சு சீவன் பட்டினி."

ஓம் என்றுதான் சொன்னேன். ஆனால் ஏணி உச்சியில், இடுப்பில் கயிற்றோடு நின்றவர், பிரஷை வாளிக்குள் போட்டுவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. கமராப் பொத்தானில் என் விரல் அமர்ந்துவிட்டது.

பிலிம் வெளிநாட்டுக்குப் போய்க் கழுவப்பட்டு வர இரண்டு மாதம். அடுத்த விடுமுறைக்கும் கூட்டாளி எங்கள் வீட்டுக்கே வந்தான். சுருள்களை ஒட்டி முடித்து, கோயில் புரொஜெக்டரை இரவல் வாங்கி, முதலில் அண்ணை வீட்டுச் சுவரில்தான் போட்டுக் காட்டினேன். அண்ணையின் முகத்தைக் கண்டதும் அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தார். அண்ணையும் சிரித்தார். பிறகு சொன்னார்:

"வடிவாத்தான் இருக்கு. ஆனா வெட்டிப்போடுங்கோ."

அவர் மனைவியின் தையல் கத்தரிக்கோலை வாங்கி, அவர் கண் முன்னாலேயே வெட்டினேன். "இதுக்கு வேற பிரதி இல்லை அண்ணை. வெட்டினால் வெட்டினதுதான்."

"அப்ப பயமில்லை" என்றார்.

இரண்டு அடி நீளம், எட்டு விநாடி. அதை அன்றைக்கே அடுப்பில் போட்டிருக்கலாம். பிலிமுக்கு ஊரெல்லாம் பல்லிளித்துத் திரிந்தவனுக்கு எறிய மனம் வருமா? சுருட்டி ஒரு பிஸ்கற் டின்னுக்குள் வைத்து எங்கள் அலுமாரிக்கு மேலே ஏற்றினேன். பாயில் கிடந்தபடி அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படத்தின்ர உயிரே அதுதான் மச்சான்."

"அந்த மனுசன்ர சோறும் அதுதான்" என்றேன்.

"சரி, சரி" என்று திரும்பிப் படுத்தான்.

பங்கு மண்டபத்தில் திரையிட்டோம். முன்வரிசைக் கதிரைகளில் ஊர்ப் பெரிய மனிதர்கள். அந்த வேலைத்தளத்து அதிகாரி ஒருவரும் வருவதாக இருந்தது. அதைக் கேள்விப்பட்டு அண்ணை வரத் தயங்கினார். நான்தான் வீடு தேடிப்போய், "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று வருந்தி அழைத்தேன். பெருநாள் உடுப்புப் போட்டுக்கொண்டு குடும்பமாக வந்து பின்வரிசை மர வாங்கில் இருந்தார்கள்.

புரொஜெக்டரை நான் ஓட்டினேன். தாங்கி வந்தது, ஏணி வந்தது. அடுத்ததாகக் கடல் வர வேண்டும். அண்ணை வந்தார். ஆளுயரத்துக்குத் திரும்பி நின்று சிரித்தார். எனக்கு விளங்கி, கையால் புரொஜெக்டர் வில்லையைப் பொத்துவதற்குள் ஐந்தாறு விநாடி போய்விட்டது. அவன் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. "இந்தச் சிரிப்புக்குக் கீழே எத்தனை அடி பள்ளம் என்று பாருங்கள்" என்று வாசித்துக்கொண்டிருந்தான். அதற்கு வசனமும் எழுதி வைத்திருந்தான், பாவி. சனம் கைதட்டியது. முன்வரிசையில் அந்த அதிகாரி கதிரையில் திரும்பிப் பின்வரிசையில் கண்ணால் தேடினார்.

மண்டபத்துக்குப் பின்னால் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"உனக்கென்ன விசரோ? அவருக்கு நான் வாக்குக் குடுத்தனான்."

"நீதானே குடுத்தனீ. நான் குடுக்கேல்லையே."

அடுத்த நாள் காலை பஸ்ஸில் போய்விட்டான், படச் சுருளோடு. கொழும்பில் ஏதோ போட்டியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. என் வீட்டில் தின்று, என் பாயில் படுத்து, என் அலுமாரியில் கைவைத்தவன். அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

திரையிட்டதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணையின் பாஸைப் பறித்துக்கொண்டு வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேள்விப்பட்டதும் ஓடினேன். அவர் வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்: அவன் களவெடுத்தான், எனக்குத் தெரியாமல் ஒட்டினான், என்னையும் ஏமாற்றினான். கொட்டி முடிந்ததும் அவர் கேட்டார்:

"எனக்கு முன்னால வெட்டினீங்கள்தானே, தம்பி. அவர் அதை எங்க இருந்து எடுத்தவர்?"

"டின்னுக்குள்ள இருந்து."

"டின் ஆரின்ர வீட்டில இருந்தது?"

"எங்கட வீட்டில" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடவேயில்லை.