லண்டனிலிருந்து வந்த பதில்

என் பெரியம்மா மகள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக்காரரை மணந்து லண்டனில் வாழ்கிறாள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதும், அங்கே தொடர்ந்து வசிக்க அவர்கள் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. அந்த விலகலை வைத்து வானூரில் எங்கள் வீட்டிலும் அன்றாடம் சண்டைதான்.

"அவங்க ஊரு, அவங்க தனியா போறாங்க. உனக்கு இன்னாக்கா பேஜாரு?" என்பார் மாமா.

"எம்பொண்ண தொரத்திட்டா, உன் ஊட்ல வச்சிக்கினு சோறு போடுவியாடா?" என்பாள் பெரியம்மா.

பதில் மின்னஞ்சலில் வந்தது. லண்டன் அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; அவள் கணவருக்கோ பிரெஞ்சுதான் படிக்க வரும். அதை எனக்கு அனுப்பிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்போது திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதென்று ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தேன். பெரியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வருஷம் வேணும்னாலும் அங்க இருக்கலாம், பெரிம்மா" என்றேன்.

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மாமா தொண்டையைச் செருமினார்.

"அவங்க வெலகுனது சரிதான். அதுல மாத்தமில்ல. ஆனா நம்ம பொண்ணு அங்கயே இருக்கட்டும்."

பிறகு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, "எங்க, இங்கிலீஷ்லயே ஒருக்கா படி, கேப்போம்" என்றார்.