சின்னையா பிள்ளை பார்த்த மலைப்பனி

சின்னையா பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. மலாக்காவுக்கு வந்த தமிழ்ப் பேசும்படங்களில் அவர் பார்க்காதது ஒன்றும் கிடையாது. இரண்டும் உண்மை. இதைச் சொன்னால் புதிதாகக் கப்பலேறி வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

அவர் மலாக்காவில் காஜா பேராங் பகுதியில் குடியிருக்கும் செட்டிகளில் ஒருவர். பெயரில் பிள்ளை, நெற்றியில் திருநீறு, வீட்டில் மாரியம்மன் படம், வாயைத் திறந்தால் மலாய். அவர்களுடைய முன்னோர்கள் எந்தக் காலத்திலோ வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, பாஷையை விட்டுவிட்டு சாமியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளை நிலவரி ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. நான் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நாகூர் மீரான். கடை முதலாளிகளை இங்கே 'தவுக்கே' என்பார்கள். பிள்ளையும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மலாயில். நான் தமிழில் எழுதும்போது அவர் பேச்சில் என் வாடை கொஞ்சம் ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டகையில் படம் மாறினால், மறுநாள் ஆபீஸ் விட்டதும் நேரே என் கடைக்கு வந்து தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

"சாமி படத்துல சாமி ரொம்பப் பேசக்கூடாது தவுக்கே. வரணும், கையைத் தூக்கணும், போயிடணும். உட்கார்ந்து பேச ஆரம்பிச்சா எங்க ஆபீஸ் துரை மாதிரி ஆயிடுது."

சண்டைப் படத்தில் வாள் வீசுகிறவனை அவர் பார்க்கவே மாட்டார். குதிரையைப் பார்ப்பார். குதிரை மிரண்டால் சண்டை நிஜம், குதிரை தூங்கி வழிந்தால் டிக்கெட் தண்டம். இங்கிலீஷ் சிரிப்புப் படத்தில் தடியன் ஒருத்தன் வழுக்கி விழுந்தால் கொட்டகையே அதிரும். இவர் மட்டும் "அலாமா, இடுப்பு போயிருக்குமே" என்று முகம் சுளிப்பார். சீனப் பேய்ப்படம் என்றால் உயிர். பேய்க்கு மரியாதை தெரிந்தவர்கள் எடுக்கிறார்கள் என்பது அவர் கட்சி. அழுகைப் படத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"பாடிக்கிட்டே அழறவ இன்னும் அழ ஆரம்பிக்கலை. பாட்டு நிக்கட்டும். அப்புறம் அவ கையைப் பாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வசனத்தில் ஒரு வார்த்தை புரியாத மனுஷன் படத்துக்கு மார்க் போடுவதா? ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"உங்களுக்குப் புரியுது, அதனால கேட்டதை நம்பிடுறீங்க. நான் மூஞ்சியைப் பார்க்கிறேன். பொய்யா நடிச்சா அங்க தெரிஞ்சு போயிடும்."

அவர் மனைவி காமாட்சி அவரை விடப் பெரிய ரசிகை. வாராவாரம் வெள்ளைக் கெபாயாச் சட்டை போட்டுக்கொண்டு அவரோடு கொட்டகைக்கு வந்தவர், நெஞ்சில் நோய் வந்து படுத்துவிட்டார். அதற்குப் பிறகு பிள்ளை தனியாகப் பார்த்துவிட்டு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து கதை சொல்வார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சன்னலுக்கு வெளியே நின்று கேட்பார்களாம். கதையில் பாதி அவர் யூகம்தான். ஆனால் யூகம் அநேகமாகச் சரியாகவே இருக்கும், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஜார்ஜ் மன்னர் முடிசூட்டுக்காக டவுனில் வளைவு கட்டிய வருஷம் ஒரு குடும்பப் படம் வந்தது. நான் கொள்முதலுக்கு சிங்கப்பூர் போயிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. திரும்பி வந்த வாரத்தில் பிள்ளை கடைக்கு வந்து கம்பளிச் சால்வை கேட்டார். மலாக்கா வெயிலில் கம்பளிச் சால்வை! வாய்விட்டுச் சிரித்தேன்.

"யாருக்கு, உங்க துரைக்கா?"

"காமாட்சிக்கு. மலைக்குக் கூட்டிப் போறேன்."

இருந்த ஒரே சால்வையைத் தட்டி எடுத்துக் கொடுத்தேன். மலை விஷயத்தை நான் மேற்கொண்டு கேட்கவில்லை. மூன்று மாதத்தில் காமாட்சி போய்விட்டார்.

அதோடு பிள்ளை கொட்டகைப் பக்கமே வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷம். மறுபடி அந்தக் குடும்பப் படமே திரும்பி வந்தபோது, வாரும் ஐயா என்று நான் வற்புறுத்தினேன். எந்தப் படம் என்று கேட்டார். சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

படத்தில் மனைவி நோயில் விழுகிறாள். வைத்தியர் வருகிறார், போகிறார். பிறகு புருஷன் தனியாக நின்று பாட, அவள் பட்டுடுத்திப் பூ வைத்துச் சிரித்துக்கொண்டு வருகிறாள். சுற்றிலும் புகை புகையாக இருக்கிறது. பிள்ளை என் தொடையைத் தட்டினார்.

"பாருங்க, மலைப்பனி. டாக்டர் மலைக்கு அனுப்பிட்டாரு. எப்படித் தேறிட்டா பாருங்க!"

இங்கே டாக்டர் கைவிட்ட பணக்காரர்களைக் குளிர்மலைக்கு அனுப்புவது வழக்கம். அவர் அதை நினைத்துச் சொன்னார். எனக்கோ நாக்கில் சனி.

"மலையாவது மண்ணாவது! அவ செத்துப் போயிட்டாய்யா. புருஷன் ஒப்பாரி வைக்கிறான். அது மலைப்பனி இல்ல, மேகம்."

அவர் கை என் தொடையிலேயே இருந்தது. விளக்குப் போட்ட பிறகும் எடுக்கவில்லை.

வெளியே வந்து ஆற்றுப்பாலம் வரை நடந்தோம். அங்கே நின்றுதான் சொன்னார். போன வருஷம் படத்தைப் பார்த்துவிட்டுப் போய், அந்தப் பெண் மலைக்குப் போய்த் தேறிவிட்டாள் என்று காமாட்சியிடம் சொல்லியிருக்கிறார். காமாட்சி எழுந்து உட்கார்ந்திருக்கிறார். நாமும் போவோமா என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் சால்வை. லீவு கிடைக்கட்டும், உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று நாள் தள்ளிப்போனது. கடைசி நாள் காலையிலும் அந்த மலையில் ரொம்பக் குளிருமா என்று கேட்டாராம்.

"பழப் பராச்சு வருது தவுக்கே. அவ வருவா. அந்தப் பாட்டை எனக்கு வரிக்கு வரி சொல்லிக் கொடுங்க. சரியான கதையை நான் அவகிட்ட சொல்லணும்."

பராச்சு என்பது அவர்கள் முன்னோருக்குப் படைப்பது; செத்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போவதாக நம்பிக்கை. போகியன்று ஒன்று, பழக்காலத்தில் ஒன்று.

"சொல்லாம விட்டா என்ன?" என்றேன்.

"அவ போன இடத்துல தமிழ் தெரிஞ்சவங்க இல்லாமலா இருப்பாங்க? இந்நேரம் யாராவது சொல்லியிருப்பாங்க. நான் சொல்லாம அடுத்தவங்க வாயால கேட்டா அவளுக்கு எப்படி இருக்கும்?"

வீட்டுக்கு வந்து என் மனைவி ஆயிஷாவிடம் சொன்னேன். சோற்றுத்தட்டைப் பட்டென்று வைத்தாள்.

"ஒங்களுக்கு வாய் சும்மாவே இருக்காதா? அந்த மனுசன் ஒரு வருசமா எதைப் பிடிச்சிக்கிட்டு நின்னாரோ, அதைப் போய் ஒடைச்சிட்டு வந்திருக்கீங்களே. போயி, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க."

பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை என்று சொல்ல மாட்டேன், ஜவுளிக்கடைக்காரன். மறுநாளே காஜா பேராங்குக்குப் போனேன். பிள்ளையிடம், ராத்திரி மறுபடி ஒரு தடவை படம் பார்த்தேன், பாட்டைக் கவனமாகக் கேட்டேன், அவள் பிழைத்துத்தான் இருக்கிறாள், மலைதான், நீங்கள் சொன்னதே சரி என்று மூச்சுவிடாமல் சொன்னேன். பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தார். என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நல்லா நடிக்கலை தவுக்கே," என்றார். "பேசும்போது சுவத்தைப் பார்க்கிறீங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை. பாட்டை வரி வரியாக மலாயில் சொன்னேன். நீ போன ஊருக்கு வழி கேட்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை என்று அவன் பாடுகிறான். நீ ஆறவைத்த பால் ஆடை படிந்துவிட்டது என்கிறான். அவர் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாலைப் பற்றிய வரியை மூன்று முறை சொன்னார்.

பராச்சு அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். உள்ளே வாழையிலைகளில் சோறு, மங்குஸ்தீன், ரம்புத்தான், உரித்த டுரியான். காமாட்சியின் இலையருகே அந்தக் கம்பளிச் சால்வை மடித்து வைத்திருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை, என் கடையில் கொடுத்த மடிப்பு. எல்லோரும் கும்பிட்டு முடித்ததும், வந்த முன்னோர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று வெளியே ஒதுங்கி நின்றோம். பிள்ளை மட்டும் உள்ளே இருந்தார். அவர் குரல் கேட்டது. பாட்டுத்தான். ராகமில்லாமல், மலாயில், ஒரு வரி விடாமல்.

வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார்.

"சொல்லிட்டேன். அவ செத்துப் போயிட்டான்னு சொன்னேன். நான் சொன்னது தப்புன்னும் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். எல்லாப் படத்துக்கும் சொல்வேனில்ல, அவ காத்துக்கிட்டு இருப்பா." உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "படம் நல்ல படம்தான். புருஷன்தான் சரியில்லை. பாடுறதுக்கு முன்னால ஒரு தடவையாவது மலைக்குக் கூட்டிப் போயிருக்கணும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். அழுகை இல்லை. கைகள் மட்டும் வேட்டி முனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தன. அவர் குறை சொன்னது படத்தில் வருகிற புருஷனை இல்லை என்று புரிந்துகொள்ள எனக்குத் தமிழும் வேண்டியிருக்கவில்லை, மலாயும் வேண்டியிருக்கவில்லை. என் வாய்க்கு ஆறுதல் நாலைந்து வந்தன. அந்த ஒரு தடவை அதைச் சும்மா இருக்க வைத்தேன்.