நைனா குடிக்கவில்லை

ஆஸ்பத்திரியில் மாமனாரின் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். அவர் மூச்சில் அழுகிய பழம்போல ஒரு இனிப்பு வாடை. என் நைனாவிடம் அடித்த அதே வாடை.

"கல்லீரல் கெட்டு, சுகரும் இருந்தா ரத்தத்துல நஞ்சு சேர்ந்து மூளையைத் தாக்கும்மா. குடிச்சவங்க மாதிரியே தள்ளாடுவாங்க, வாய் குழறும்," என்றார் டாக்டர்.

நைனாவிடம் அந்த வாடை அடித்தபோது எனக்குப் பதினோரு வயது. நைனா குடியை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. உத்திரமேரூரிலிருந்து இருவரும் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். இறங்கியதும் அவர் தள்ளாடினார்.

"பாப்பா, நம்ம வூடு எங்க கீது?"

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தேன்.

வாசலில் அம்மா என்னைத்தான் கேட்டாள். "இன்னாடி, குடிச்சாரா?"

"பாப்பா மேல சத்தியமா குடிக்கல," என்றார் நைனா.

வழியெல்லாம் அவரை ஒட்டி உட்கார்ந்து வந்தவள் நான். அது சாராய வாடை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த அவமானத்தில், "குடிச்சாரு," என்றேன்.

பத்து நாள் கழித்து மறுபடி அப்படியே தள்ளாடி விழுந்தார். போதை தெளியட்டும் என்று படுக்க வைத்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

அம்மா இன்றும் அவரைக் குடிகாரர் என்றுதான் சொல்கிறாள். வராந்தாவுக்கு வந்து அவளுக்குப் போன் செய்தேன்.

"இன்னாடி, சாப்ட்டியா?" என்றாள்.

சாப்பிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.