அக்கா கொடுக்காத வாக்கு

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரை மடித்துப் பையில் வைக்காமல் பிரித்துவிட்ட சொந்தங்களுக்கு வணக்கம்.

அக்கா பிறந்தது மும்பை தாராவியில். மணமாகிப் போனது தேவ்நாருக்கு. அத்தான் சீக்கிரமே காலமாகிவிட, அவர் விட்டுச்சென்ற பன்றிப் பட்டிதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. மாட்டுங்கா ஓட்டல்களில் மிஞ்சியதை வாங்கிவந்து, அக்கா அதைக் கொதிக்க வைக்காமல் பன்றிகளுக்கு ஒரு கரண்டிகூடப் போடமாட்டார். அதோடு பூண்டும் மஞ்சளும் முருங்கை இலையும் காயவைத்து இடித்த பொடி. "பன்னிக்கு உடம்புல தெம்பு இருக்கணும்லா" என்பார். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பார். கொடுக்கும்போதே, "இது தீனிதான், மருந்துன்னு நெனச்சிராதீங்க" என்றும் சொல்லிவிடுவார்.

அந்தப் பொடியைத்தான் அத்தானின் தம்பி பாக்கெட்டில் அடைத்து விற்றார். மேலே அக்காவின் படம். கீழே, "கொள்ளைக் காய்ச்சல் அண்டாது." அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தானுக்குப் பின் அக்கா சோறு போட்டு வளர்த்த பிள்ளை அவர். பெயர் எழுதவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த வட்டாரத்துப் பன்றிகளுக்குக் கொள்ளைக் காய்ச்சல் வந்தது. அக்கா பட்டியைப் பூட்டினார். வெளியாளையும் வெளிப் பன்றியையும் உள்ளே விடவில்லை. பாக்கெட்டை நம்பியவர்கள் பூட்டவில்லை. பக்கத்துத் தெரு கலாவின் பட்டியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் பாக்கெட்டோடு அக்காவின் வாசலில் வந்து நின்றார்.

"உங்க மூஞ்சியப் பாத்துத்தான்க்கா வாங்கினேன்."

அன்றைக்கே அக்கா கொழுந்தனைக் கூப்பிட்டுக் கேட்டார். "என் மூஞ்சிய எதுக்குய்யா ஒட்டுன?"

"என் மூஞ்சிய ஒட்டுனா எவன் வாங்குவான் மதினி?" என்று சிரித்தார் அவர். அந்தச் சிரிப்பு தந்த புண் எங்களுக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். பாதிப் பேர் கதவைத் திறக்கவில்லை. படுக்கையில் விழுந்த பிறகும் மூச்சுத் திணறலைப் பற்றி அவர் பேசியதில்லை. "நான் சொல்லாதத நான் சொன்னதா நெனைக்காவளே தம்பி" என்பதுதான் பேச்சு.

இந்த மலரின் பின்னட்டையில் அஞ்சலி விளம்பரம் தருவதாகக் கொழுந்தனார் வந்தார். பாக்கெட்டில் இருந்த அதே படத்தைப் போட வேண்டுமாம். வேண்டாம் என்றோம்.

செம்பூர் ஆஸ்பத்திரிக்கு நேரம் காலம் பார்க்காமல் ஓட்டிய ஆட்டோக்கார அண்ணனுக்கு நன்றி. கடைசி நாட்களில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய கலாவுக்கு நன்றி. பட்டியை இழந்த கை அது.

பின்னட்டையில் அக்காவின் பொடி செய்யும் விதம் இருக்கிறது. எல்லோரும் செய்துகொள்ளுங்கள். அங்கே படம் இல்லை. அக்கா சொன்னது மட்டும் இருக்கிறது: "இது தீனிதான். காய்ச்சல்னு கேள்விப்பட்டா பட்டியப் பூட்டுங்க. டாக்டரக் கூப்பிடுங்க."